புட்டிங் சொதப்புதா? புட்டர் மேல பழி போடறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க!

2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை. அந்த நாளை நீரஜ் சோப்ராவின் ஈட்டி எறிதல் தங்கத்துக்காகத்தான் எல்லோரும் ஞாபகம் வச்சிருப்போம். ஆனா, அன்னிக்குக் காலையிலேயே இன்னொரு பரபரப்பு ஓடியது. கோல்ஃபில் எத்தனை குழி இருக்கும்னுகூடத் தெரியாதவர்கள் எல்லாம் டிவி முன்னாடியும் போன் முன்னாடியும் உட்கார்ந்து, ஒரு குட்டி வெள்ளைப் பந்து உருளுவதை மூச்சைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காரணம், அதிதி அசோக்.

பெங்களூரைச் சேர்ந்தவர். அப்போது வயது 23. உலகத் தரவரிசையில் 200-வது இடம். டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்கு நாள், 72 ஹோல் ஆடி முடித்தபோது அவருடைய ஸ்கோர் 269. வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் மோதிய இரண்டு பேரின் ஸ்கோர் 268. ஒரே ஒரு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் நான்காவது இடம்!

அதிதி ரொம்ப தூரம் அடிக்கிற ஆட்டக்காரர் இல்லை. போட்டியில் இருந்தவர்களில் குறைந்த தூரம் அடித்தவர்களில் அவரும் ஒருவர். அப்புறம் எப்படி உலகின் நம்பர் ஒன் வீராங்கனையோடு கடைசி நாள் வரை மல்லுக்கட்டினார்? புட்டிங்! குழிக்குப் பக்கத்தில் வந்த பிறகு பந்தை உருட்டி உள்ளே தள்ளும் கலையில், அந்த வாரம் அவர் முதல் வரிசையில் இருந்தார்.

தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர், மேடவாக்கம் பக்கம் இருந்து வார இறுதியில் கோல்ஃப் கிட் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவரா நீங்கள்? ஆபீஸ் நண்பர்கள் இழுத்துப் போய் இப்போதுதான் பழகிக்கொண்டிருக்கிறீர்களா? அப்படியென்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். "இன்னிக்கு புட்டிங் சரியில்லப்பா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து ஆன்லைனில் புது புட்டர் தேடுவதற்கு முன், ஐந்து நிமிஷம் ஒதுக்குங்கள்.

முதலில் ஒரு எச்சரிக்கை. தமிழில் தூரத்துக்கும் 'அடி', அடிக்கிறதுக்கும் 'அடி'. குழப்பம் வராமல் இருக்க, இங்கே 'அடி' என்றால் தூரம் மட்டும்தான். பந்தைத் தட்டுவதை 'புட்' அல்லது 'ஸ்ட்ரோக்' என்றே சொல்வோம்.

பாதி ஆட்டம் இங்கேதான்!

புதியவர்களுக்காகச் சின்னதாக ஒரு அறிமுகம். ஒரு முழு ரவுண்டு என்பது 18 ஹோல். ஒவ்வொரு ஹோலின் முடிவிலும் ஒட்ட வெட்டிய புல்தரை இருக்கும். அதுதான் கிரீன். அதில் 4.25 அங்குல அகலத்தில் ஒரு குழி. கிரீனுக்கு வந்த பிறகு புட்டர் என்ற தட்டையான முகம் கொண்ட மட்டையால் பந்தை உருட்டிக் குழிக்குள் விட வேண்டும்.

ஒரு ஹோலை எத்தனை ஸ்ட்ரோக்கில் முடிக்க வேண்டும் என்பதற்கு 'பார்' என்று ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கில் ஒவ்வொரு ஹோலுக்கும் 2 புட் சேர்ந்தே இருக்கிறது. பார் 72 மைதானத்தில் 18 x 2 = 36. அதாவது, பேப்பரில் பார்த்தால் சரிபாதி ஸ்ட்ரோக் புட்டிங்தான். அதனால்தான் ஸ்கோர் ஏறினால் முதல் பழி புட்டர் மேல் விழுகிறது. அந்தப் பழி நியாயமானதா என்பதுதான் கேள்வி.

மொத்த எண்ணிக்கை ஏன் ஏமாற்றும்?

பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றே ஒன்று. ரவுண்டு முடிந்ததும் மொத்த புட்டை எண்ணுவார்கள். "இன்னிக்கு 34 புட், போன வாரம் 37. பரவாயில்ல, முன்னேறிட்டேன்!"

கிரிக்கெட்டில் ஒருத்தர் 30 ரன் எடுத்தார் என்று மட்டும் சொன்னால் நீங்கள் ஒத்துக்கொள்வீர்களா? எத்தனை பந்தில் எடுத்தார், பவர் பிளேயிலா கடைசி ஓவர்களிலா, சேப்பாக்கத்தில் பந்து திரும்பும்போதா என்று கேட்க மாட்டோம்? புட்டிங்கிலும் அதே கேள்விதான். எத்தனை புட் என்பது இருக்கட்டும், எவ்வளவு தூரத்திலிருந்து?

ஒரு உதாரணக் கணக்கு பார்ப்போம். இரண்டு நண்பர்கள் மூன்று ஹோல் ஆடுகிறார்கள்.

முதல் நண்பர் மூன்று ஹோலிலும் பந்தை நேராக கிரீனில் இறக்கிவிட்டார். ஆனால், குழியிலிருந்து 33 அடி தள்ளி. ஒவ்வொன்றையும் 2 புட்டில் முடித்தார். மொத்தம் 6 புட்.

இரண்டாவது நண்பர் மூன்று முறையும் கிரீனைத் தவறவிட்டார். வெளியே இருந்து பந்தைத் தூக்கிப் போட்டு, அதாவது சிப் செய்து, குழிக்கு 3 அடி பக்கத்தில் கொண்டு வந்தார். அங்கிருந்து இரண்டு ஹோலில் ஒரே புட்டில் முடித்தார். ஒன்றில் தவறவிட்டு 2 புட். மொத்தம் 4 புட்.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இரண்டாமவர்தான் புட்டிங் புலி. ஆனா, உண்மை தலைகீழ். 33 அடியிலிருந்து இரண்டு புட்டில் முடிப்பது உலகத்தரமான வேலை. 3 அடியில் மூன்றுக்கு ஒன்றைத் தவறவிடுவது கவலைப்பட வேண்டிய விஷயம். இரண்டாமவருக்கு நன்றாக வருவது சிப்பிங். அந்தப் பாராட்டைத் தெரியாத்தனமாக புட்டருக்குக் கொடுத்துவிட்டோம்!

ஒரு பேராசிரியர் போட்ட கணக்கு

இந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர் மார்க் பிராடி. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக பிசினஸ் ஸ்கூல் பேராசிரியர். பிஜிஏ டூர் போட்டிகளில் ஒவ்வொரு ஷாட்டும் எங்கிருந்து எங்கே போனது என்று அளந்து பதிவு செய்யும் 'ஷாட்லிங்க்' என்ற ஏற்பாடு உண்டு. அந்தத் தகவல் மலையை எடுத்து வைத்துக்கொண்டு அவர் கேட்ட கேள்வி எளிமையானது. இந்தத் தூரத்திலிருந்து ஒரு புரொஃபஷனல் சராசரியாக எத்தனை புட் எடுப்பார்?

அந்தச் சராசரியிலிருந்து நீங்கள் எடுத்த புட்டைக் கழியுங்கள். மிச்சம் வருவதுதான் உங்கள் லாபம் அல்லது நஷ்டம். இதற்குப் பெயர் 'ஸ்ட்ரோக்ஸ் கெயின்டு'. 2011-ல் பிஜிஏ டூர் இதை அதிகாரபூர்வமான புட்டிங் அளவுகோலாக ஏற்றுக்கொண்டது. 2014-ல் 'எவ்ரி ஷாட் கவுன்ட்ஸ்' என்ற புத்தகமாகவும் பிராடி இதை எழுதினார்.

புரொஃபஷனல்கள் சராசரியாக எடுக்கும் புட் ஏறக்குறைய இவ்வளவு:

- 3 அடி: 1.04
- 5 அடி: 1.23
- 8 அடி: 1.50
- 10 அடி: 1.61
- 15 அடி: 1.78
- 20 அடி: 1.87
- 33 அடி: 2.0
- 40 அடி: 2.06
- 60 அடி: 2.21

இப்போது நம் நண்பர்களிடம் திரும்பலாம். முதல் நண்பருக்கு எதிர்பார்ப்பு 2.0 x 3 = 6. எடுத்ததும் 6. லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. புரொஃபஷனலுக்குச் சமம்! இரண்டாவது நண்பருக்கு எதிர்பார்ப்பு 1.04 x 3 = 3.12. எடுத்தது 4. மூணே ஹோலில் 0.88 ஸ்ட்ரோக் நஷ்டம். இப்போ சொல்லுங்க, யார் புட்டிங் புலி?

8 அடியில் தவறினால் அழ வேண்டாம்

இனி வருவது கொஞ்சம் ஆறுதல் தரும் பகுதி. ஒரே புட்டில் குழியில் விழும் வாய்ப்பு எவ்வளவு? பிராடியின் கணக்குப்படி, 100 முயற்சிக்கு எத்தனை விழும் என்று பார்க்கலாம். முதல் எண் புரொஃபஷனல்களுக்கு. இரண்டாவது, ஒரு ரவுண்டுக்கு 90 ஸ்கோர் எடுக்கும் சாதாரண ஆட்டக்காரருக்கு.

- 3 அடி: 96 / 84
- 5 அடி: 77 / 50
- 8 அடி: 50 / 27
- 10 அடி: 40 / 20
- 15 அடி: 23 / 11
- 20 அடி: 15 / 6

நன்றாகப் பாருங்கள். உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களே 8 அடியில் இரண்டுக்கு ஒன்றைத் தவறவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் 8 அடி புட் உருண்டு வெளியே போனதற்கு நீங்கள் தலையில் அடித்துக்கொண்டு, அடுத்த ஹோலின் முதல் ஷாட்டையும் கோபத்தில் கெடுத்துக்கொண்டீர்களே, அதற்கு அவசியமே இல்லை. உங்களைப் போன்ற ஆட்டக்காரருக்கு அது நாலில் ஒன்றுதான் விழும். டிவியில் எல்லாமே விழுகிற மாதிரி தெரியக் காரணம், ஹைலைட்ஸில் விழுந்ததை மட்டும்தான் காட்டுகிறார்கள்.

அதே பட்டியலில் ஒரு குட்டும் இருக்கிறது. நண்பர்களுக்குள் ஆடும்போது 3 அடி புட்டை "அது போயிடும், எடுத்துக்கோ மச்சி" என்று விட்டுக்கொடுப்போம் இல்லையா? 90 ஸ்கோர்காரர் அந்த 3 அடியில் ஆறுக்கு ஒன்று தவறவிடுகிறார். ஒரு ரவுண்டில் ஆறு முறை 'எடுத்துக்கோ' வாங்கினால், ஒரு ஸ்ட்ரோக் ஸ்கோர் கார்டுக்கு வராமலே ஒளிந்துகொள்கிறது. கணக்கு எடுக்கும் நாளில் நட்பு ஒரு பக்கம் இருக்கட்டும். எல்லா பந்தையும் உள்ளே போட்டுவிட்டே நகருங்கள்.

கொஞ்சம் தள்ளினாலே ஏன் இவ்வளவு கஷ்டம்?

எல்லாம் கோணத்தின் விளையாட்டு. சமதரையில், மெதுவாக வந்து விழும் பந்துக்கு முழுக் குழியும் வேலை செய்யும் என்று வைத்துக்கொள்வோம். 3 அடியில் நீங்கள் இடமோ வலமோ சுமார் 3.4 டிகிரி தவறினாலும் பந்து உள்ளே போய்விடும். 10 அடியில் அந்தச் சலுகை 1 டிகிரிதான். 20 அடியில் அரை டிகிரி! பந்து வேகமாக வந்தால் குழியின் ஓரத்தைத் தொட்டுச் சுற்றி வெளியே வந்துவிடும் என்பதால் சலுகை இன்னும் குறையும். இதோடு கிரீனின் சரிவும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

அதனால் 20 அடியிலிருந்து உங்கள் வேலை பந்தை உள்ளே போடுவது இல்லை. அடுத்த புட் கண்ணை மூடிக்கொண்டு போடும் தூரத்தில் கொண்டுபோய் நிறுத்துவது. விழுந்தால் போனஸ்.

போனில் குறிக்க வேண்டியது மூணே மூணு

இதற்காக ஆப், சென்சார் என்று எதுவும் வாங்க வேண்டாம். போனில் இருக்கும் நோட்ஸ் போதும். வாட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே மெசேஜ் அனுப்பிக்கொண்டாலும் சரி.

1. முதல் புட்டின் தூரம், அடிகளில்.
2. அந்த ஹோலில் எடுத்த மொத்த புட்.
3. முதல் புட் தவறினால் எந்தப் பக்கம்? குழிக்கு முன்னாலேயே நின்றதா, தாண்டியதா, சரிவின் மேல் பக்கமா, கீழ் பக்கமா?

'24, 2, முன்' என்று எழுதினால் முடிந்தது. 24 அடி, 2 புட், முதல் புட் குழிக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. குறுகிய புட்டைத் தவறவிட்டால் அந்த இரண்டாவது தூரத்தையும் சேர்த்துக் குறியுங்கள். '24, 4, 3 புட்' என்றால் 4 அடியில் ஒன்று போச்சு என்று பிறகு தெரியும்.

தூரத்தை எப்படி அளப்பது? காலால்தான். வீட்டு ஹாலில் இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ் போட்டிருந்தால், அதுவே உங்கள் ஸ்கேல். சாதாரணமாக நடக்கும்போது ஒரு எட்டு ஒன்றரை டைல்ஸைத் தாண்டினால், உங்கள் எட்டு 3 அடி. இதை ஒரு முறை சோதித்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பந்திலிருந்து குழிக்கு எட்டு எட்டு என்றால் 24 அடி.

ஒரு மரியாதை விஷயம். கிரீனில் நின்றுகொண்டு டைப் செய்யாதீர்கள். பின்னாடி ஒரு குழு காத்துக்கொண்டிருக்கும். அடுத்த ஹோலுக்கு நடக்கும்போது எழுதிக்கொள்ளலாம். நடந்து அளக்கும்போதும் மற்றவர்களின் பந்துக்கும் குழிக்கும் நடுவில் கால் வைக்காமல் ஒதுங்கிப் போங்கள்.

ஒரே ரவுண்டை நம்பாதீர்கள்

பூவா தலையா போடுவோம். நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் சரியாக ஐந்து பூ வருமா? சில நேரம் மூணு வரும், சில நேரம் ஏழு வரும். நாணயத்தில் கோளாறு இல்லை. பத்து என்ற எண் ரொம்பச் சின்னது, அவ்வளவுதான்.

5 அடி புட் உங்களுக்கு 50 சதவிகிதம் என்றால் அதுவும் பூவா தலையாதான். இந்த வாரம் பத்துக்கு ஏழு விழுந்தது என்பதற்காக "செட் ஆயிடுச்சு" என்று குதிக்கவும் வேண்டாம். அடுத்த வாரம் மூணு விழுந்ததும் புட்டரை மாற்றவும் வேண்டாம். குறைந்தது ஐந்து ரவுண்டு, முடிந்தால் பத்து ரவுண்டு சேர்த்துப் பாருங்கள். அதையும் நாலு டப்பாவில் பிரித்துப் போடுங்கள்: 3 அடி வரை, 4 முதல் 8 அடி, 9 முதல் 20 அடி, அதற்கு மேல். எந்த டப்பாவில் அதிகம் ஓட்டை என்று அப்போது தெரியும்.

இதோடு நம்ம ஊர் வானிலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வெப்பமான ஊர்களின் மைதானங்களில் பரவலாக இருக்கும் பெர்முடா வகைப் புல் ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும். சாய்ந்த திசையில் பந்து வேகமாக ஓடும், எதிர்த்திசையில் இழுத்துப் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த கிரீனில் பந்து சோம்பேறியாகிவிடும். மே மாதத்துக் காய்ந்த கிரீனில் அதே தட்டுக்குக் குழியைத் தாண்டி ஓடும். அதனால் நவம்பர் கணக்கை மே மாதக் கணக்கோடு ஒப்பிட்டுக் குழம்பாதீர்கள். அந்தந்தப் பருவத்துக்குள் ஒப்பிடுங்கள்.

கணக்கு என்ன சொல்கிறது? என்ன செய்யலாம்?

3 அடி, 4 அடியில் அடிக்கடி தவறுகிறதா? பிரச்னை திசையில். பந்து கிளம்பும்போதே கோணலாகக் கிளம்புகிறது. பந்துக்கு ஓர் அடி முன்னால் இரண்டு பத்து ரூபாய் நாணயங்களை, பந்து மட்டும் நுழையும் இடைவெளி விட்டு வையுங்கள். நாணயத்தில் படாமல் பந்து அந்த வாசலைத் தாண்ட வேண்டும். பத்துக்கு ஒன்பது தாண்டும்வரை வேறு பயிற்சிக்குப் போக வேண்டாம்.

30 அடிக்கு மேல் இருந்து அடிக்கடி 3 புட் ஆகிறதா? பிரச்னை வேகத்தில். குழியை மறந்துவிடுங்கள். 10, 20, 30, 40 அடியில் ஒரு குறி வைத்து, ஒவ்வொரு குறியிலும் பந்து நிற்கிற மாதிரி மாறி மாறித் தட்டுங்கள். ஒரே தூரத்தைப் பத்து முறை தட்டினால் கைக்கு வரும், மைதானத்தில் மறக்கும். மாற்றி மாற்றித் தட்டினால்தான் மைதானத்தில் கைகொடுக்கும்.

தவறியதில் பாதிக்கு மேல் குழிக்கு முன்னாலேயே நிற்கிறதா? பயம் அல்லது மந்தமான கை. 10 அடிக்குள் இருக்கும் புட்டுகள் தவறினாலும், குழியைத் தாண்டி ஓர் அடி, ஒன்றரை அடியில் நிற்கும் வேகத்தில் தட்டிப் பழகுங்கள். குழிக்கு எட்டாத பந்து எந்தக் காலத்திலும் உள்ளே விழாது.

எப்போதும் சரிவின் கீழ் பக்கமே தவறுகிறதா? கிரீன் எவ்வளவு வளையும் என்பதைக் குறைத்து மதிப்பிடுகிறீர்கள். அடுத்த ரவுண்டில் நீங்கள் நினைத்ததைவிடக் கொஞ்சம் அதிகமாக மேல் பக்கம் குறி வைத்துப் பாருங்கள். கேடி ஒருவர் கூட வந்தால் அவரிடம் கேளுங்கள். அந்த கிரீனில் உங்களைவிட நூறு மடங்கு அதிகம் நடந்தவர் அவர்.

எல்லா டப்பாவும் பரவாயில்லை, ஆனாலும் மொத்த புட் அதிகமா? முதல் புட்டின் சராசரி தூரத்தைப் பாருங்கள். அது 30 அடிக்கு மேல் இருந்தால் குற்றவாளி புட்டர் இல்லை. அதற்கு முந்தைய ஷாட்!

தாம்பரம் ஃபிளாட்டில் ஒரு கிரீன்

நம்ம பக்கத்து ஆட்களுக்கு உண்மையான சிக்கல், கணக்கு இல்லை, இடம். நந்தனத்தில் காஸ்மோபாலிட்டன் கிளப் மைதானம் இருக்கிறது. தாம்பரத்தில் புறநகர் ரயில் ஏறி, கிண்டியில் மெட்ரோ மாறினால் மூன்றாவது ஸ்டேஷன் நந்தனம். ஆனால், கிளப் என்றால் அதற்கென்று உறுப்பினர் விதிகள், கட்டணங்கள் உண்டு. விருந்தினருக்கு என்ன ஏற்பாடு என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது நல்லது. கிண்டி ரேஸ் கோர்ஸுக்கு நடுவிலும் பல தலைமுறையாக கோல்ஃப் ஆடினார்கள். 2024 செப்டம்பரில் அந்த நிலத்தை அரசு தன் வசம் எடுத்துக்கொண்டது. நகரத்துக்குள் கோல்ஃப் புல்தரை என்பது அவ்வளவு எளிதில் கிடைக்கிற சமாசாரம் இல்லை. போகும் ஒவ்வொரு ரவுண்டும் காசு, பாதி நாள் லீவு, ஜிஎஸ்டி ரோடு டிராஃபிக். அதனால்தான் அங்கே போய்த் தவறுவதற்கு முன் வீட்டிலேயே கணக்கைத் தொடங்க வேண்டும்.

கோல்ஃபின் மற்ற ஷாட்டுகளுக்கு மைதானம் வேண்டும். புட்டிங்குக்கு ஒரு ஹால் போதும். நாலு டைல்ஸ் என்றால் 8 அடி. ஐந்து டைல்ஸ் என்றால் 10 அடி. குழிக்கு என்ன செய்வது? சமையலறையில் இருந்து சுமார் இரண்டரை அங்குல அகலமுள்ள காபி டம்ளரை எடுத்து வாருங்கள். பந்தின் அகலம் 1.68 அங்குலம். அந்தப் பந்து டம்ளரை எந்த ஓரத்தில் உரசினாலும் 'விழுந்தது' என்று கணக்கு வைத்தால், அது ஏறக்குறைய உண்மையான குழியின் அகலத்துக்குச் சமம். ஆனால், பந்து வேகமாக மோதி டம்ளர் உருண்டு ஓடினால் அது செல்லாது!

வெறும் டைல்ஸில் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும். பரணில் மடித்து வைத்திருக்கும் பவானி ஜமக்காளத்தைச் சுருக்கம் இல்லாமல் விரித்தால், ஓட்டம் அடங்கும். கீழ் வீட்டுக்காரர் காலிங் பெல் அடிக்கும் ஆபத்தும் குறையும்.

தினமும் 3 அடியில் பத்து, 5 அடியில் பத்து, 8 அடியில் பத்து. மொத்தம் 30 புட், பத்து நிமிஷம். விழுந்த எண்ணிக்கையைத் தேதி போட்டு எழுதுங்கள். ஹாலில் சரிவு இல்லை, காற்று இல்லை, பக்கத்தில் நின்று கிண்டலடிக்க நண்பனும் இல்லை. அதனால் இந்த எண்ணை மேலே உள்ள பட்டியலோடு ஒப்பிட்டு "நான் புரொஃபஷனல்!" என்று ஸ்டேட்டஸ் போட்டுவிடாதீர்கள். போன வாரத்து உங்களோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

கடைசியா ஒரு கசப்பான உண்மை

பிராடியின் ஆய்வில் பலரையும் அதிர வைத்த விஷயம் ஒன்று உண்டு. பிஜிஏ டூரின் முன்னணி ஆட்டக்காரர்கள் மற்றவர்களைவிட முன்னால் நிற்பதற்குக் காரணம் என்ன என்று பிரித்துப் பார்த்தார். புட்டிங்கின் பங்கு சுமார் 15 சதவிகிதம்தான்! மூன்றில் இரண்டு பங்கு, தூரத்திலிருந்து அடிக்கும் ஷாட்டுகளில் இருந்து வந்தது. பேப்பரில் ஸ்ட்ரோக் எண்ணிக்கையில் பாதியைப் பிடித்துக்கொண்டிருக்கும் புட்டிங், வித்தியாசத்தில் ஏழில் ஒரு பங்குதான். காரணம் எளிது. அந்த புட்டுகளில் பல, யார் தட்டினாலும் விழும் ஓரடி, இரண்டடி புட்டுகள்.

அப்படியானால் புட்டிங்கைக் கவனிக்கவே வேண்டாமா? அப்படி இல்லை. பொதுவான சராசரி உங்களைப் பற்றி எதுவும் சொல்லாது. அதிதி அசோக்கின் டோக்கியோ வாரத்தில், தூரம் தராததை புட்டிங் தந்தது. உங்கள் வாரத்தில் எது தருகிறது, எது பறிக்கிறது என்பது உங்கள் போனில் இருக்கும் அந்த 18 வரிகளில்தான் இருக்கிறது. புட்டிங்தான் ஓட்டை என்று கணக்கு காட்டினால் ஜமக்காளத்தை விரியுங்கள். இல்லை என்று காட்டினால், புது புட்டருக்கு ஒதுக்கிய பணத்தை ஒரு நல்ல கோச்சிடம் நாலு கிளாஸுக்குக் கொடுங்கள்.

அடுத்த ஞாயிறு முதல் ஹோலை முடித்துவிட்டு நடக்கும்போது போனை எடுங்கள். இன்ஸ்டா வேண்டாம், நோட்ஸ். முதல் வரியை எழுதுங்கள். அந்த 8 அடி புட் தவறியிருந்தால்? சிரிச்சுக்கிட்டே எழுதுங்க. உலக சாம்பியனுக்கும் அது பாதி நேரம் தவறும்!